சொல்லலாமான்னு நெனச்சேன், டாக்டர்

சிற்றூர்களில் தனி ஆளாகக் கிளினிக் நடத்தும் டாக்டர் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

தஞ்சைக்குத் தெற்கே, ஒரு பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில், உரக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருக்கிறது என் கிளினிக். வாசலில் இரண்டு பெஞ்சு, உள்ளே நான் பார்க்கும் அறை, திரைக்குப் பின்னால் ஊசி போடும் இடம், ஓரமாக மருந்து அலமாரி. இருபத்தெட்டு வருடமாக அங்கேதான் இருக்கிறேன். உங்களில் பலருடைய கிளினிக்கும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் என் கையால் நடந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றதைப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

அறுபது தாண்டிய ஓர் அம்மா. வாழ்நாள் முழுக்க நடவு வேலை. விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் எழுந்தால் கை மடங்காது. முடக்குவாதம். நகரத்தில் மூட்டு நோய் நிபுணர் பார்த்து, மெதோட்ரெக்சேட் வாரம் ஒன்று, மற்ற நாட்களில் ஃபோலிக் ஆசிட் என்று சரியாகவே எழுதிக் கொடுத்திருந்தார். மாதாமாதம் அவ்வளவு தூரம் போக முடியாமல் என்னிடம் வந்து மருந்து வாங்கிக்கொள்வார். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், சந்தை நாள், வாசலில் நாற்பது பேர். நான் சீட்டில் எழுதினேன். வாரம் ஒருமுறை என்பதற்கு நாம் போடுகிற இரண்டெழுத்துச் சுருக்கம் உங்களுக்குத் தெரியும். தினம் ஒருமுறை என்பதற்கான சுருக்கமும் தெரியும். முதல் எழுத்து இரண்டுக்கும் ஒன்று. என் அவசரத்தில் இரண்டாவது எழுத்து எது என்று எனக்கே தெரியாதபடி விழுந்திருந்தது. உதவியாளர் கவரில் ஓர் அட்டை முழுவதையும் போட்டு, தினமும் இரவு ஒன்று என்று குறித்துக் கொடுத்தார்.

ஒன்பதாம் நாள் அந்த அம்மா வந்தபோது வாயெல்லாம் புண். கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. கையில் இருந்த மாத்திரை அட்டையில் ஒன்றுதான் மிச்சம். அந்த அட்டையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. எலும்பு மஜ்ஜையை அடக்கும் மருந்தை ஒன்பது நாள் தொடர்ந்து தின்ன வைத்திருக்கிறேன். 108-ல் ஏற்றி, நானும் கூடவே போனேன். வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. மாற்று மருந்தாக ஃபோலினிக் ஆசிட் கொடுத்தார்கள். இரண்டு வாரம் படுக்கையில் கிடந்து, கடவுள் புண்ணியத்தில் பிழைத்து வந்தார்.

அன்று ராத்திரி ஷட்டரை இறக்கும்போது என் உதவியாளர் அழுதுகொண்டே சொன்னதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். "போன தடவை நாலு மாத்திரைதானே குடுத்தோம், இப்ப எதுக்கு ஒரு அட்டைன்னு தோணுச்சு டாக்டர். சொல்லலாமான்னு நெனச்சேன். கூட்டமா இருந்துச்சு, கோவப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

அந்தப் பெண் எட்டு வருடம் என்னோடு வேலை பார்த்தவர். மெதோட்ரெக்சேட் என்றால் என்னவென்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனாலும் தவறைக் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்ததைச் சொல்ல முடியாத இடமாக என் கிளினிக்கை வைத்திருந்தது நான்தான்.

அதற்குப் பிறகு பல ராத்திரி யோசித்தேன். பெரிய ஆஸ்பத்திரியில் நான் எழுதிய சீட்டை ஒரு பார்மசிஸ்ட் பார்ப்பார், வார்டு நர்ஸ் பார்ப்பார், மறுநாள் இன்னொரு டாக்டர் பார்ப்பார். தொற்றுத் தடுப்புக் குழு என்று ஒன்று இருக்கும், தணிக்கைக்கு ஆள் வருவார். நம் கிளினிக்கில் யார் இருக்கிறார்கள்? நாம் சொன்னால் அதுதான் முடிவு. ஊரே கையெடுத்துக் கும்பிடுகிறது. காலையில் தப்பாக எழுதினால் சாயங்காலம் வரை தப்பாகவே இருக்கும். தரம், பாதுகாப்பு என்றெல்லாம் பேசும்போது நாம் கட்டடத்தையும் டைல்ஸையும் நினைத்துக்கொள்கிறோம். தனி ஆள் கிளினிக்கின் பெரிய ஆபத்து, நம்மைத் தடுத்து நிறுத்த அங்கே ஆளில்லை என்பதுதான். ஆகவே தடுத்து நிறுத்துகிற ஒன்றை நாமேதான் அங்கே உட்கார வைக்க வேண்டும். சில இடத்தில் அது ஓர் ஆளாக இருக்கும், சில இடத்தில் ஒரு நோட்டாக, ஒரு தெர்மாமீட்டராக இருக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்த 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. 2018-ல் அதைத் திருத்தி, விதிகளும் வகுத்த பிறகுதான் நம்மில் பலர் பதிவுக்கு விண்ணப்பித்தோம். என்.ஏ.பி.ஹெச். நம்மைப் போன்ற அலோபதி கிளினிக்குகளுக்கென்றே தனியாகத் தர நெறிகள் வைத்திருக்கிறது. பதிவு செய்யாதவர்கள் செய்துவிடுங்கள், முடிந்தவர்கள் அந்த நெறிகளையும் ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். ஆனால் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழுக்கு ராத்திரி எட்டரை மணிக்குத் திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது தெரியாது. அங்கே இருப்பது நாமும் நம் உதவியாளரும் மட்டும்தான்.

அந்தத் திரைக்குப் பின்னாலேயே கொஞ்ச நேரம் நிற்போம்.

என் ஊசி மேசையில் பல வருடம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். ஒரு எவர்சில்வர் தட்டு. ஸ்பிரிட்டில் ஊறிய பஞ்சு ஒரு டப்பாவில், காலையில் நனைத்தது சாயங்காலம் வரை. டெக்சாமெதசோன் குப்பியின் ரப்பர் மூடியில் ஓர் ஊசி குத்தியபடியே நிற்கும், ஒவ்வொரு தடவையும் குத்தி எடுக்கும் சிரமம் வேண்டாமே என்று. அந்த நிற்கும் ஊசி வழியாகக் காற்றும் கிருமியும் நாள் முழுக்க உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஊறவைத்த பஞ்சு டப்பாவைப் பயன்படுத்தாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே எழுதிவிட்டது. எனக்கு அது தெரிய வர இன்னும் சில வருடம் ஆனது. இப்போது உலர்ந்த பஞ்சை அவ்வப்போது எடுத்து நனைக்கிறோம். பல தடவை எடுக்கிற குப்பியைத் திறந்த அன்றே அதன் மேல் தேதி எழுதுகிறோம். இருபத்தெட்டு நாள், அல்லது கம்பெனி அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அத்தனை நாள், அதற்கு மேல் குப்பி மேசையில் இருக்காது. ஒவ்வொரு தடவையும் புது ஊசி, புது சிரிஞ்ச். ஊசியை மட்டும் மாற்றிவிட்டு சிரிஞ்சை வைத்துக்கொள்வது, ஊசியையே மாற்றாததற்குச் சமம்.

இதெல்லாம் ரொம்ப அடிப்படை, டாக்டர்களுக்கா சொல்வது என்று சிலர் நினைக்கலாம். 2009-ல் குஜராத்தின் மொடாசாவில் மஞ்சள் காமாலை பி வைரஸ் பரவி எத்தனையோ பேர் செத்தார்கள். காரணம், ஒருமுறை போட்ட சிரிஞ்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது. 2018-ல் உத்தரப் பிரதேசம் உன்னாவ் மாவட்டத்தில் பங்கர்மாவ் என்ற ஊரில், வீடு வீடாகப் போய் ஊசி போட்ட ஓர் ஆளால் எச்.ஐ.வி. பரவியதாகத் தெரிய வந்தது. மறு வருடம் பாகிஸ்தானின் ரட்டோடேரோவில் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோரின் அம்மா அப்பாவுக்குத் தொற்று இல்லை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று கிளினிக்குக்குக் கூட்டிப் போனதுதான் அவர்கள் செய்தது. இவையெல்லாம் நம்முடையது போன்ற சின்ன ஊர்கள். சந்தையும் பேருந்து நிறுத்தமும் ஒரு ஊசிக்காகக் காத்திருக்கும் கூட்டமும் உள்ள ஊர்கள்.

ஊசியைச் சுத்தமாகப் போடுவது பற்றிப் பேசும் முன்பு, அந்த ஊசி வேண்டுமா என்று கேட்க வேண்டும். "ஒரு ஊசி போட்டாத்தான் டாக்டர் கேக்கும்" என்று அவர்கள் சொல்வதும், போடாவிட்டால் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுவார்கள் என்று நாம் நினைப்பதும் பழைய கதை. சாதாரண காய்ச்சலுக்கு, சளிக்கு, உடம்பு வலிக்குப் போடுகிற ஊசிகளில் பெரும்பாலானவை மாத்திரையாகவே கொடுக்கலாம். புட்டத்தில் தப்பான இடத்தில் குத்தி நரம்பு பட்டு, பாதம் தொங்கிப்போன ஒரு பையனை நான் பார்த்திருக்கிறேன். வேறொரு இடத்தில் காய்ச்சலுக்குப் போட்ட ஊசி. காய்ச்சல் மூன்று நாளில் போயிருக்கும். கால் போனது போனதுதான். நான் ஊசியைக் குறைத்த முதல் ஆறு மாதம் கூட்டம் கொஞ்சம் குறைந்தது, உண்மை. பிறகு திரும்பி வந்தார்கள். அம்மாக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், ஊசிக்குப் பயந்து அலறாத குழந்தைகளை.

ஊசிக்கு அடுத்து அட்ரினலின்.

எங்கள் பக்கத்தில் கதண்டு அதிகம். பனைமரத்திலும் தென்னையிலும் கூடு கட்டியிருக்கும். ஒரு வைகாசி மத்தியானம், மட்டை வெட்டப் போனவரை ஏழெட்டு கதண்டு கொட்டி, இரண்டு பேர் பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்கிறது. நாடி பிடிபடவில்லை. என்னிடம் அட்ரினலின் இருந்தது. அலமாரியில் இருந்தது. அலமாரி பூட்டியிருந்தது. சாவி உதவியாளரிடம். அவர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். நான் பூட்டை உடைத்தேன். அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் அந்த மனிதரின் முகம் சாம்பல் நிறமாக மாறியதை இன்றும் மறக்க முடியவில்லை. பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கி, பூட்டு இல்லாமல், ஊசி மேசைக்கு மேலே சுவரில் மாட்டினேன். உள்ளே அட்ரினலின் ஆம்பியூல் மூன்று, ஒரு மி.லி. சிரிஞ்ச், ஊசி. மூடியில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறது: பெரியவர்களுக்கு அரை மி.லி., தொடையின் வெளிப்பக்கம் நடுவில், தசைக்குள். குழந்தைக்கு எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 0.01 மி.லி. படுக்க வைத்துக் காலைத் தூக்கி வை. ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடியும். 108-ஐக் கூப்பிடு. நம்மில் பலருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒவ்வாமை என்றதும் கை முதலில் ஏவிலுக்கும் ஹைட்ரோகார்டிசோனுக்கும் போகிறது. அவை பிறகு போட்டாலும் போதும், போடாவிட்டாலும் உயிர் போகாது. உயிரைப் பிடித்து நிறுத்துவது அட்ரினலின் ஒன்றுதான், அது தாமதமாவதால்தான் ஆட்கள் சாகிறார்கள். நெஞ்சுவலியோடு வருபவருக்கு மென்று தின்னக் கொடுக்கும் ஆஸ்பிரினும் அந்த டப்பாவில்தான் இருக்கிறது. ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருப்பவர்கள், அதைத் திறக்கும் சாவி சிலிண்டரிலேயே சங்கிலியில் தொங்குகிறதா என்று இன்றே பாருங்கள். மாதம் ஒன்றாம் தேதி டப்பாவின் காலாவதித் தேதியைப் பார்ப்பது என் உதவியாளரின் பொறுப்பு. அவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார், நான் பார்த்துப் போடுவேன்.

ஃபிரிட்ஜ் பற்றிக் கொஞ்சம். தடுப்பூசியும் இன்சுலினும் இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது மனப்பாடம். ஆனால் நம் ஃபிரிட்ஜுக்குள் என்ன டிகிரி என்று எத்தனை பேருக்குத் தெரியும்? என்னுடையதில் ஒரு காலத்தில் மல்லிகைப்பூவும் தயிரும் தடுப்பூசியோடு ஒன்றாகக் குடியிருந்தன. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் வெளிக்காற்று உள்ளே போகும். கதவு அடுக்கில்தான் சூடு முதலில் ஏறும், அங்கே தடுப்பூசி வைக்கக் கூடாது. ஃப்ரீசருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தால் உறைந்துபோகும். டி.டி., ஹெபடைடிஸ் பி போன்றவை உறைந்தால் கெட்டுவிடும். பிறகு உருகினாலும் பார்க்க நன்றாகவேதான் இருக்கும். நாம் போடுவோம், குழந்தை அழும், அட்டையில் தேதி எழுதுவோம், பாதுகாப்பு மட்டும் இருக்காது. அதனால் உள்ளே ஒரு தெர்மாமீட்டர், கதவில் ஒரு காகிதம், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை குறிப்பு. கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் நாள் கணக்காகக் கரண்ட் இல்லை. அப்போது ஃபிரிட்ஜில் இருந்த எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன். பணம் போனதுதான். ஆனால் கதவில் அந்தக் காகிதம் இல்லாத வருடங்களில் இப்படி எத்தனை கரண்ட் கட்டுக்குப் பிறகு எதையும் தூக்கிப் போடாமல் போட்டிருப்பேன் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

தையல் போடும் கத்தரி, இடுக்கியைக் கொதிநீரில் போட்டு எடுப்பதோடு நிறுத்திக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொதிநீரில் எல்லாக் கிருமியும் சாவதில்லை, விதைபோல் உறங்கிக் கிடப்பவை தப்பிவிடும். சின்ன ஆட்டோகிளேவ் ஒன்று வாங்குங்கள். 121 டிகிரி, பதினைந்து பவுண்டு அழுத்தம், துணியில் சுற்றியது என்றால் அரை மணி நேரம். நிறம் மாறும் டேப் ஒட்டினால், கறுத்த கோடு வந்ததா இல்லையா என்று யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

கழிவைப் பற்றிச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 2016 விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நான்கு பிரிவு. ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி போன்ற கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. படுக்கை இல்லாத கிளினிக்குக்கும் இது பொருந்தும். ஊசிகளுக்கு வெட்டும் கருவியும், குத்த முடியாத வெள்ளை டப்பாவும். நமக்குச் சோம்பல் வரும்போது நம் பேரூராட்சிக் குப்பை வண்டியில் வரும் பெண்ணின் கைகளை ஒருமுறை பார்த்தால் போதும். கையுறையில்லாமல் நம் குப்பைப் பையை அழுத்தித்தான் வண்டியில் திணிக்கிறார். உங்கள் உதவியாளருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா? போட்டதற்கு ஆதாரம் இருக்கிறதா? போட்டிராத ஒருவருக்கு, அந்தத் தொற்றுள்ள ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு முப்பது சதவீதம் வரை. ஊசி குத்திவிட்டால் சோப்பு போட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது, உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. "டாக்டர் திட்டுவார்" என்று ஒரு பெண் இதை மறைத்தால் அந்த நேரம் கைநழுவிவிடும். இங்கேயும் அதே கதைதான், சொல்ல முடிகிறதா இல்லையா என்பது.

மருந்துக்குத் திரும்பி வருகிறேன். என்னை உறங்கவிடாதது அதுதான்.

2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பெரிய நன்மை, நான் அதை மனசாரச் சொல்கிறேன். ஆனால் அதே ஆள் என்னிடமும் வருவார், நகரத்து ஆஸ்பத்திரிக்கும் ஒரு தடவை போயிருப்பார். மூன்று இடத்திலும் அம்லோடிபின், மூன்று பெயரில், மூன்று நிற அட்டையில். கால் வீங்கி, தலை சுற்றி விழுந்து, "பலவீனம் டாக்டர், குளுக்கோஸ் ஏத்துங்க" என்று வருவார். அந்த வீக்கம் நாம் மூன்று பேரும் சேர்ந்து கொடுத்தது. "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால், "இல்லீங்க" என்றுதான் பதில் வரும். வாசலுக்கு வருவது அவர்கள் கணக்கில் மருந்தாகவே சேராது. அதனால் நான் கேட்பதை விட்டுவிட்டேன். "வீட்டுல இருக்குற மாத்திரை எல்லாத்தையும் பையோட எடுத்துட்டு வாங்க" என்கிறேன். மேசையில் கொட்டச் சொல்கிறேன். பத்து நிமிடம் ஆகிறது. ஒரு பாட்டி கொட்டியதில் ஒரே சர்க்கரை மாத்திரை நான்கு பெயரில் இருந்தது.

சீட்டை மருந்தின் பொதுப்பெயரில், படிக்கும்படியாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2016-ல் விதி போட்டது. கெட்ட கையெழுத்து நம் தொழிலின் அடையாளம்போல் ஆகிவிட்டதில் எனக்கு வெட்கம்தான். சுருக்க எழுத்துகளை நான் அடியோடு விட்டுவிட்டேன். மெதோட்ரெக்சேட் கொடுத்தால் நான்கு மாத்திரைக்கு மேல் என் கிளினிக்கிலிருந்து வெளியே போகாது. கவரில் "வாரம் ஒருமுறை" என்றுகூட எழுதுவதில்லை. "செவ்வாய்க்கிழமை மட்டும்" என்று எழுதுகிறோம். கொடுக்கும்போது, "என்னிக்கு சாப்பிடணும், நீங்க சொல்லுங்க பார்ப்போம்" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கிறோம். அந்த நடவுக்கார அம்மா முதல் தடவை "செவ்வாக்கெழம" என்று சொன்னபோது என் உதவியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

2025 அக்டோபரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கம் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். டைஎதிலீன் கிளைக்கால் என்ற விஷம் அதில் கலந்திருந்ததை நம் மாநில ஆய்வகம்தான் கண்டறிந்தது. அதைத் தயாரித்தவர்களின் குற்றத்தை நாம் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் சாதாரண இருமலுக்கு அந்த சிரப் தேவையே இல்லை என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் எழுதுகிறோம், வெறுங்கையோடு அனுப்ப மனசு வராமல். அந்த வாரம் நான் இன்னொன்றும் செய்தேன். என் அலமாரியில் இருந்த சிரப்புகளின் பேட்ச் நம்பரை எடுத்துக்கொண்டு, இவை யார் யார் வீட்டுக்குப் போயிருக்கின்றன என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. நம் நோயாளிக்கு நாமே மருந்து கொடுக்க உரிமம் வேண்டாம் என்று சட்டம் நமக்குச் சலுகை தந்திருக்கிறது. ஆனால் உரிமம் உள்ள இடத்தில் வாங்கி, பேட்ச் நம்பரோடு கொள்முதல் பதிவு வைத்திருக்க வேண்டும் என்பது அந்தச் சலுகைக்கு நிபந்தனை. நான் பில்களைக் கம்பியில் குத்தி வைத்ததோடு சரி. நாளைக்கே ஒரு மருந்தைத் திரும்பப் பெறச் சொன்னால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? இப்போது குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பாட்டிலின் பேட்ச் நம்பரும் அந்தக் குழந்தையின் பெயருக்கு நேரே எழுதப்படுகிறது.

இன்னொரு நோட்டும் வைத்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, சளிப் பரிசோதனைக்கு அனுப்பியவர்கள் பெயர் அதில் ஏறும். முடிவு வந்ததும் கோடு அடிப்போம். ஒரு வாரமாகக் கோடு விழாத பெயர்களுக்குச் சனிக்கிழமை போன் செய்வோம். முன்பெல்லாம் திரும்பி வராதவர் குணமாகிவிட்டார் என்றுதான் நினைத்துக்கொள்வேன். நோட்டு வைத்த முதல் மூன்று மாதத்திலேயே, சளியில் காசநோய் இருந்தும் முடிவை வாங்கப் போகாத ஓர் ஆட்டோ ஓட்டுநர் கிடைத்தார். வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள். தனியார் கிளினிக்கில் கண்டறியும் காசநோயையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் கட்டாயம். தெரிவித்தால் நோயாளியை நம்மிடமிருந்து பறித்துவிடுவார்கள் என்ற பயத்தை விடுங்கள். மருந்தும் சத்துணவுக்கான பணமும் அவருக்கு அப்படித்தான் போய்ச் சேரும். இருமுகிறவரைப் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார வைக்காமல் முதலில் உள்ளே கூப்பிடுங்கள். ஏ.சி. போட்டு ஜன்னலை அடைத்த காத்திருப்பு அறையைவிட, காற்று வரும் பழைய திண்ணை எவ்வளவோ மேல்.

காய்ச்சல் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு ரப்பர் முத்திரை குத்துகிறோம். காய்ச்சல் விட்ட பிறகும் வயிற்று வலி, விடாத வாந்தி, ரத்தக் கசிவு, அசந்து தூங்குதல் இருந்தால் ராத்திரியானாலும் வாருங்கள் என்று. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து. அப்போதுதான் வீட்டில் "சரியாயிடுச்சு" என்று நிம்மதியாகத் தூங்குவார்கள்.

கடைசியாக, ஒரு தவறு நோட்டு. பிரிட்டனில் குடும்ப மருத்துவர்கள், நடந்துபோன அசம்பாவிதங்களை ஊழியர்களோடு உட்கார்ந்து பேசுவதை வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். யார் செய்தது என்பதைவிட எப்படி நடந்தது என்று பேசுவார்கள். நான் மாதத்தின் முதல் சனிக்கிழமை அரை மணி நேரம் முன்பாகவே ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவேன். நான், உதவியாளர் இருவர், கூட்டிப் பெருக்கும் அம்மா. டீ வரும். அந்த மாதம் தப்பாகப் போனது, தப்பாகப் போகப் பார்த்தது எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வாசிப்போம். ஒரே பெயருள்ள இரண்டு பேர், சீட்டு மாறியது. ரத்த அழுத்தக் கருவியின் பட்டை பருத்த கைக்குச் சின்னதாக இருந்ததால் அளவு அதிகமாகக் காட்டியது. கூட்டிப் பெருக்கும் அம்மாதான் ஒருமுறை சொன்னார், நான் இரண்டு பேருக்கு நடுவில் கை கழுவவில்லை என்று. எல்லாருக்கும் முன்னால் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது, பொய் சொல்லவில்லை. நோட்டில் எழுதச் சொன்னேன்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே, நூற்றைம்பது ரூபாய் பீஸில் பணம் எங்கே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நோட்டுகளும் தெர்மாமீட்டரும் சுவர் டப்பாவும் உள்ளே இருக்கும் மருந்தும் சேர்த்து எனக்கு ஒரு சாயங்கால வரும்படிகூட ஆகவில்லை. ஆட்டோகிளேவுக்குத்தான் செலவு. நேரம் ஆகிறது, உண்மை. ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்த்தவன் இப்போது எழுபது பேரைப் பார்க்கிறேன். எழுபது பேரின் பெயரும் எங்கள் நோட்டில் இருக்கிறது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளைக் காலை கிளினிக் திறந்ததும், முதல் ஆள் உள்ளே வருவதற்கு முன், உங்கள் உதவியாளரைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்கள். "என்கிட்ட சொல்லலாமான்னு நெனச்சு, சொல்லாம விட்டது ஏதாவது இருக்காம்மா?" என்று கேளுங்கள். முதல் நாள் "ஒண்ணுமில்ல டாக்டர்" என்பார். மறுநாளும் கேளுங்கள். எனக்குப் பதில் கிடைக்கப் பதினோரு நாள் ஆனது.

அன்புடன்,
தஞ்சைக்குத் தெற்கே ஒரு கிளினிக் டாக்டர்